சிறகுக்காரனும் சமையல்காரியும் எங்கள் அக்காவும்

ரமணாசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் அறையைக் காலி செய்யும்போது விட்டுப்போகிற புத்தகங்கள் பழைய பேப்பர் கடைக்கு வரும். ஞானம் தேடி வந்தவர்கள் எதைப் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று பார்த்தால், அது ஏன் கிடைக்கவில்லை என்பது புரிந்துவிடும். கல்லூரிக் காலத்தில் நானும் அக்காவும் அங்கே வாங்கியவைதான் அந்த இரண்டு ஆங்கில நாவல்களும். இரண்டிலும் ஒரு கொடுங்கோல் ராஜா, ஒரு கலகம், ஒரு கூடாத காதல்.

முதலாவதில் காதலனுக்குச் சிறகு உண்டு. அதனால் கல்யாணம் கூடாது. கதாநாயகி ஜன்னல் வழியே குதித்து, அவன் முதுகில் ஏறிப் பறந்து, ராஜ்ஜியத்தையே கவிழ்க்கிறாள். தலைமுடி மட்டும் கலைவதில்லை. இரண்டாவதில் வருகிறவள் அரண்மனைச் சமையல்காரி. அடுப்படியில் நின்றே கலகத்துக்கு ஆள் சேர்க்கிறாள். கடைசியில் எல்லாரும் ஓட, பின்தங்கிவிட்ட காதலனுக்காக அவள் மட்டும் எரிகிற ஊருக்குள் திரும்பி நடக்கிறாள்.

எனக்கு இரண்டாவதுதான் உசத்தி. அக்காவுக்கு முதலாவது. "பாதி புக்கு சமையல்கட்டுலயே போவுதுடி. அத நான் வூட்லயே பாக்கறனே" என்பாள்.

அக்காவுக்கும் ஒருவர் இருந்தார். வேங்கிக்காலில் அரசு வேலை, அங்கேயே வாடகை அறை. சிறகெல்லாம் கிடையாது, சாதிதான் வேறு. சிறகு இருந்திருந்தால்கூட அப்பா கொஞ்சம் யோசித்திருப்பார்.

அப்பா வேறு மாப்பிள்ளை பார்த்து, வெள்ளிக்கிழமை தட்டு மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. அக்கா வாசல் தாண்டக் கூடாது. ஆனால் பௌர்ணமி கிரிவலத்தைத் தடுக்க எந்த அப்பாவுக்கும் தைரியம் வராது. காவலுக்கு என்னை அனுப்பினார். செல்போன் இல்லாத காலம், தூது போனதும் நான்தான். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலை டீக்கடை வாசலில் அவர் நிற்பார், அக்கா அப்படியே அவரோடு போய்விடுவாள் என்று ஏற்பாடு.

காலையிலேயே நல்ல கூட்டம். தள்ளிக்கொண்டு போனதில் டீக்கடையைத் தாண்டிவிட்டோம். நாலு வீடு தூரம்தான். திரும்பு என்றேன்.

"கிரிவலத்துல எதிர்ல நடக்கக் கூடாதுடி. பாவம்."

"வேற சாதிக்காரரோட ஓடலாம், நாலு வூடு திரும்பி நடக்கக் கூடாதா?"

"அது வேற, இது வேற. இன்னொரு சுத்து வந்துடலாம்."

நானாவது போய்க் கூட்டி வருகிறேன் என்றால், உனக்கும் பாவம்தான் என்று கையை விடவில்லை. ராஜ்ஜியத்தைக் கவிழ்க்க வந்தவள், மலையை மறுபடி முழுசாக, பதினாலு கிலோமீட்டரும் சுற்றினாள். ஒரு லிங்கத்தைக்கூட விடாமல் கும்பிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நான் எதையும் கும்பிடவில்லை.

டீக்கடையில் அவர் இல்லை.

"ரொம்ப நேரம் நின்னுனு இருந்தாரும்மா. முன்னாடி போயிட்டாங்க போலன்னு தேடிக்கினு போனாரு" என்றார் கடைக்காரர்.

"எந்தப் பக்கங்க?"

"எந்தப் பக்கமா? எல்லாரும் போற பக்கந்தான்."

அவரும் சுற்றித்தானே வர வேண்டும் என்று அங்கேயே உட்கார்ந்தோம். அக்கா வருகிற முகம் ஒவ்வொன்றையும் பார்த்தாள். வந்தது அப்பா. இன்னும் காணோமே என்று தேடிக் கிளம்பியவர், அவரும் முறையாக வலம் வந்தேதான் வந்தார்.

"ரெண்டாவது சுத்துப்பா" என்று உளறினேன். அக்கா தேம்பித் தேம்பி அழுதாள். அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அழாதம்மா. இவ்ளோ பக்தியா சுத்தியிருக்க, வெள்ளிக்கிழமை எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்றார்.

நடந்தது.