நான் அந்தத் தசரதர் இல்லை

வளைகுடா நாட்டில் நாங்கள் பிழைக்க வந்த மங்காஃபில், எங்கள் தமிழ்ச் சங்கத்து மாறுவேடப் போட்டிக்குப் பெயர் கொடுக்கப் போனபோது அசோகர் தீர்ந்துபோயிருந்தார். மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே அவரை எடுத்துக்கொண்டிருந்தார்கள். என் ஏழு வயது மகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஊரோடு ஒத்துப்போகாத என் வீட்டுக்காரர் எங்கோ தேடி அசோகருடைய பேரனைப் பிடித்து வந்தார். அவரும் மௌரியச் சக்கரவர்த்திதான். பெயர் தசரதர்.

ராமாயணத்துத் தசரதர் இருக்கும்போது இவரை எவன் கண்டான் என்று கேட்டேன். இவர் ஆசீவகம் என்ற பழைய சமயத்துத் துறவிகளுக்கு மலையில் குகைகளைக் கொடுத்து, சூரியனும் சந்திரனும் உள்ளவரை இருந்துகொள்ளுங்கள் என்று கல்லில் வெட்டிவைத்தாராம், வீட்டுக்காரர் சொன்னார். மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். வாடகைப் புலம்பலைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த பிள்ளை.

“ரென்ட்டே கிடையாதாப்பா?”

“கிடையாது. யாரும் காலி பண்ணச் சொல்லவும் முடியாது.”

அன்றிலிருந்து அவர் எங்கள் வீட்டு ஆளாகிவிட்டார். இவ்வளவு நல்ல ராஜாவை யாருக்குமே தெரியாதாம், தான் மேடையில் சொன்னால்தான் தெரியுமாம். குளியலறையில்கூட வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

விழாவில், தொகுத்து வழங்கிய அம்மாள் சீட்டைப் பார்த்து, ராமனைப் பெற்ற தசரதச் சக்கரவர்த்தி என்று முழங்கினார். மகள் வாயைத் திறப்பதற்குள் மைக்கைத் தன் பக்கம் இழுத்து, கைகேயி எங்கே என்றார். கூட்டம் சிரித்தது. புத்திர சோகம் முகத்தில் அப்படியே தெரிகிறது என்று நடுவர் ஒருவர் மெச்சினார். தெரியாமல் என்ன செய்யும், பிள்ளைக்கு அழுகை முட்டிக்கொண்டு நின்றது. அந்த அம்மாளை நறுக்கென்று நாலு வார்த்தை கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது.

அந்தச் சோகத்துக்கே முதல் பரிசு கிடைத்தது. வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டு வா என்று கண்ணைக் காட்டினேன். கோப்பையை வாங்கிய கையோடு மைக்கையும் பிடித்தாள்.

“ஆன்ட்டி, இது ராமரோட அப்பாவுக்கு. அவர்கிட்டயே குடுத்துடுங்க. நான் ரூம் குடுத்த தசரதர். என் ரூமுக்கு ரென்ட் கிடையாது.”

கோப்பையை மேசையில் வைத்துவிட்டு இறங்கினாள். முதலில் கைதட்டியது கடைசியில் நின்ற பேச்சிலர்கள்தான். ஃபேமிலி பில்டிங், குடும்பம் உள்ளவர்களுக்கு மட்டும்தான் என்று சொல்லி அந்த மாதம்தான் அவர்களைக் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அவர்களில் ஒருவர் குனிந்து, ராஜா, ஒரு கட்டில் போட பெட் ஸ்பேஸ் கிடைக்குமா என்று கேட்டார்.

சரிந்த கிரீடத்தை அவள் நிமிர்த்திக்கொண்டாள்.

“சன், மூன் இருக்கிற வரைக்கும் இருங்க அங்கிள்.”