அத்தை பேச்சில் ஒரு வெட்டு

ஒயர் என்ற பெயரை முதன்முதலில் என் கொழுந்தனார் வாயிலிருந்துதான் கேட்டேன். அவர் கடிகாரம் ரிப்பேர் செய்கிறவர். கடைக்கு மேலேயே வீடு. அன்றைக்கு நான் கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். அவருடைய மகள் தோளில் ஒரு கனத்த பையும் முழங்கையில் சுற்றிய கறுப்பு ஒயருமாகப் படியேறிப் போனாள். கண்ணில் இடுக்கியிருந்த லென்ஸை எடுக்காமலே அவர் சொன்னார்: "வந்துட்டா பாருங்க அண்ணி, ஒயர். இனிமே வீட்டுல யாரும் வாயைத் திறக்க முடியாது."

பிறந்த அன்றைக்கே நான் கையில் வாங்கிய பிள்ளை. அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தது. ஒயர் என்று ஆன பிறகு அதைச் சொல்லிக் கூப்பிட ஆளில்லை. பெற்றவளே "ஒயர், சாப்பிட வா" என்பாள்.

அப்போது அவள் பல்கலைக்கழகத்தில் வானொலியும் ஒலித் தயாரிப்பும் படித்துக்கொண்டிருந்தாள், கடைசி வருஷம். அந்தப் படிப்பின் மேலேயே கொழுந்தனாருக்குச் சந்தேகம். ரேடியோவைத் திருகினால் பாடுகிறது, இதில் வருஷக்கணக்காகப் படிக்க என்ன இருக்கிறது என்பார். மகள் செய்ததும் சந்தேகத்தை வளர்க்கிற மாதிரிதான் இருந்தது. காதில் ஹெட்போனோடு குளியலறை வாசலில் உட்கார்ந்து குழாய் சொட்டுவதைப் பதிவு செய்வாள். கடை ஷட்டரை நாலு தடவை ஏற்றி இறக்கச் சொல்வாள். ஒருநாள் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைத்து, ஒரு நிமிஷம் யாரும் பேசாதீர்கள், அறையின் சத்தம் மட்டும் வேண்டும் என்றாள். நாங்களும் புகைப்படத்துக்கு உட்கார்ந்த மாதிரி விறைத்துக்கொண்டு இருந்தோம். பேசினால் பதிவு செய்கிறாள், சரி, பேசாதபோது எதைப் பதிவு செய்கிறாள் என்று கொழுந்தனார் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார்.

கடைசிப் பரீட்சைக்குப் பதிலாக இருபது நிமிஷ ஒலிச்சித்திரம் ஒன்று செய்து கொடுக்க வேண்டும். அதில் யார் குரல் வந்தாலும் அவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட்ட தாள் கூடவே இருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் போய்ச் சேராவிட்டால் பட்டம் கிடையாது. அதில் நன்றாகச் செய்த இரண்டு பேரை வானொலி நிலையமே வேலைக்கு எடுத்துக்கொள்ளும். ஒயர் அதற்குத்தான் ஆசைப்பட்டாள்.

அவள் எடுத்துக்கொண்டது தன் அத்தையை. கொழுந்தனாரின் தங்கை, என் நாத்தனார். கல்யாணம் செய்துகொள்ளாதவள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் லைன் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்று, அதே வீட்டு மாடி அறையில் இருந்தாள். இயந்திரத்தைப் பார்த்தால் பேச்சு வராது என்று அவள் சொன்னதால், எதிரே ஒரு முகம் வேண்டும் என்று ஒயர் என்னை உட்காரவைத்தாள்.

அந்த அறையில் பெண்டுலம் ஆடும் சுவர்க்கடிகாரம் ஒன்று உண்டு. கொழுந்தனார் ரிப்பேர் செய்து மாட்டியது. ஞாயிற்றுக்கிழமைதோறும் அவரே மேலே வந்து சாவி கொடுப்பார். சுவர் கொஞ்சம் சாய்வு, அதனால் டிக் நீளமாகவும் டக் குட்டையாகவும் நொண்டி அடிக்கும். கடிகாரம் ஓடுகிற அறையில் பேட்டி எடுக்கக் கூடாது என்று ஒயருக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்களாம். நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள்.

"நிறுத்தாதே. கடிகாரம் ஏன் நின்னுபோச்சுன்னு உங்கப்பா கீழேருந்து ஏறி வந்துடுவார். அப்புறம் நான் பேசின மாதிரிதான்" என்றாள் நாத்தனார்.

முதல் அரைமணி நேரம் வேலையைப் பற்றியே பேசினாள். பிறகு தன்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனதைச் சொன்னவள், கேட்காமலே இன்னொன்றையும் சொன்னாள்.

"அந்த வாரம்தான் என்னை ட்ரங்க் போர்டுக்கு மாத்தினாங்க. அண்ணனுக்கு அது தெரியாது. கடையிலேருந்து வெளியூருக்கு ஒரு ட்ரங்க் கால் கேட்டார். நான்தான் லைன் குடுத்தேன். என்னைப் பாத்துட்டுப் போய்ச் சம்மதம்னு சொன்னாங்களே, அந்த வீட்டுக்கு. எங்க பொண்ணுக்கு இதுல இஷ்டமில்லைன்னு சொன்னார். அப்ப அம்மா படுக்கையில. நான் போயிட்டா யார் பாக்குறதுன்னு நினைச்சிருப்பார். மூணு நிமிஷம் ஆச்சு. 'மூணு நிமிஷம் முடிஞ்சுது சார், நீட்டிக்கணுமா'ன்னு கேட்டேன். அவருக்கு என் குரல் தெரியல. 'வேண்டாம்மா'ன்னு வெச்சுட்டார்."

நானும் என் வீட்டுக்காரரும் அப்போது வேறு ஊரில் இருந்தோம். அந்தப் பக்கத்தார்தான் பின்வாங்கிவிட்டார்கள் என்று எங்களுக்குக் கடிதம் வந்தது. இத்தனை வருஷமும் அதைத்தான் நம்பியிருந்தேன்.

நாத்தனார் கொஞ்ச நேரம் கழித்து, இதை எடுத்துவிடு, உங்கப்பா காதுக்குப் போகக் கூடாது என்றாள். எடுத்துவிடுகிறேன் என்று ஒயர் அவள் கையைத் தொட்டுச் சொன்னாள்.

மறுநாள் கடையில் கொழுந்தனார் பேசியதையும் பதிவு செய்தாள். முதலில் மைக்கைத் தேளைப் பார்ப்பது போலப் பார்த்தவர், அப்புறம் நன்றாகவே பேசினார். போனில் தங்கையின் குரலே வேறு, எத்தனையோ தடவை அவளிடமே லைன் கேட்டிருப்பேன், ஒரு தடவைகூட அவளென்று கண்டுபிடித்ததில்லை என்று சொல்லிச் சிரித்தார். நான் கண்ணாடிப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு மதியம் கூடத்தில் போட்டுக் காட்டினாள். தன் குரலைத் தானே கேட்க வெட்கம் என்று நாத்தனார் கீழே வரவில்லை. பாதி போகையில் கொழுந்தனார் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. திரும்பப் போடு."

போட்டாள்.

"ரெண்டு டக் சேர்ந்து வருது. என் கடிகாரம் அப்படி அடிக்காது."

சாவி கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய்க் கடிகாரத்தில் காதை வைத்துப் பத்து நிமிஷம் நின்றுவிட்டு இறங்கி வந்தார். "கடிகாரத்துல கோளாறு இல்ல. நீ எதை வெட்டினே?"

ஒயர் பொய் சொல்லவில்லை. "வெட்டினேன்ப்பா. அத்தை வேண்டாம்னாங்க."

"என்னைப் பத்தியா?"

அவள் ஒயரைச் சுருட்ட ஆரம்பித்தாள். வெட்டியதைப் போட்டால்தான் கையெழுத்து என்று சொல்லிவிட்டுத் தன் சம்மதத் தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அடுத்த மூன்று நாளும் வீட்டில் யாரும் யாரையும் நேராகப் பார்க்கவில்லை. மனைவி கெஞ்சியதற்கு, நீயும் கூட்டா என்று கேட்டார். மகளை அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். அவளும் போட்டாள். வெட்டுக்கு முன்னால், பெண் பார்த்துவிட்டுப் போன கதை, பிறகு "அந்த வாரம்தான் என்னை ட்ரங்க் போர்டுக்கு மாத்தினாங்க." வெட்டுக்குப் பின்னால், "அப்புறம் வேலையே கதின்னு ஆயிட்டேன்." நடுவில் இரண்டு டக்.

புதன்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"அண்ணி, அவ லைன்ல இருந்தாளா?"

"என்னைக் கேக்காதீங்க தம்பி. மாடியிலதானே இருக்கா, போய்க் கேளுங்க" என்றேன்.

அன்று மாலை மாடிப்படியில் ஆறு படி ஏறினார், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார், இறங்கிவிட்டார் என்று அவர் மனைவி சொன்னாள். தாள் பையிலேயே இருந்தது.

நான் ஒயரிடம், அவருக்குத்தான் பாதி தெரிந்துவிட்டதே, போட்டுக் காட்டிவிட்டுக் கையெழுத்தை வாங்கு என்று சொன்னேன். என் புத்தி அவ்வளவுதான்.

"அவரா கண்டுபிடிச்சது அவர் பாடு பெரியம்மா. நான் போட்டுக் காட்டினா அத்தை பேச்சை வித்துக் கையெழுத்து வாங்கின மாதிரி."

வியாழக்கிழமை முழுக்கக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, அப்பாவின் குரலை அடியோடு எடுத்துவிட்டாள். ஒலிச்சித்திரம் நாலு நிமிஷம் குறைந்தது. அவர் சிரித்த இடமும் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை அதைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். இந்தப் பெண்மணியைப் பற்றிப் பேச வேறு ஒருவர்கூடவா இல்லை, எதையோ மறைக்கிறது போல இருக்கிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பட்டம் வந்தது. வானொலி நிலையம் கூப்பிட்ட இரண்டு பேரில் அவள் இல்லை.

அதோடு முடியவில்லை. சாவி கொடுக்கக் கொழுந்தனார் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டார். நாத்தனார் ஒயரைக் கூப்பிட்டனுப்பினாள். நானும் அங்கே இருந்தேன்.

"ரெண்டு ஞாயித்துக்கிழமையா அண்ணன் வரல. சொல்லிட்டியா?"

"இல்ல அத்தை. நான் ஒட்டினது சரியில்ல. கேட்டே கண்டுபிடிச்சுட்டார். தப்பு என்னோடதுதான்."

நாத்தனார் அவளை நம்பின மாதிரியும் இருந்தது, நம்பாத மாதிரியும் இருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொன்னீங்களா அண்ணி?"

இல்லை என்றேன். உண்மைதான். ஆனால் அன்றிலிருந்து என் எதிரில் அவள் யோசித்துத்தான் பேசுகிறாள்.

வேலைக்காக ஒயர் ஊரை விட்டுக் கிளம்பும்போது அவளைத் தனியே பிடித்து, வெட்டின துண்டை என்ன செய்தாய் என்று கேட்டேன். அழித்துவிட்டேன் என்றாள். கேட்டு வாய் மூடுவதற்குள் பதில் வந்துவிட்டது. அதனாலேயே எனக்கு இன்னும் சந்தேகம்.

இப்போது ஒயர் ஒரு துறைமுக ஊரில், சின்ன வானொலி நிலையமொன்றின் செய்திப் பிரிவில் மற்றவர்கள் பேசுவதை வெட்டி ஒட்டுகிற வேலையில் இருக்கிறாள். மருந்துக்கடை ஒன்றுக்கு மேலே தனி அறை. வாரத்துக்கு ஒருமுறை அப்பாவுக்கும் அத்தைக்கும் தனித்தனியாகப் போன் செய்கிறாள்.