கலங்கிய தொட்டியும் ரங்கூன் கடிதமும்

1941ஆம் வருஷம், ஐப்பசி மாதம். விழுப்புரத்தில் ரயில்வே வேலையில் இருந்த என் கணவர் பட்டாளத்தில் சேர்ந்து பஸ்ராவுக்குப் புறப்பட்டார். எங்களுக்குக் கல்யாணமாகி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் மதராஸ் மூர் மார்க்கெட்டிலிருந்து ஒரு கண்ணாடித் தொட்டியும் நான்கு தங்கமீன்களும் வாங்கி வந்தார். "நான் வர்ற வரைக்கும் இதுங்களோட பேசிக்கினு இரு" என்று சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவர் போன பிறகு அந்தத் தொட்டியே கதி என்று கிடந்தேன். மாமியாரும் மகள் பிரசவத்துக்காக ஒலக்கூர் போயிருந்தார். கணவருக்குப் போட வேண்டிய சோற்றையெல்லாம் மீன்களுக்குப் போட்டேன் என்றுகூடச் சொல்லலாம். பொரி, சோற்றுப்பருக்கை என்று வேளாவேளைக்குப் போட்டேன். ஒரு வாரத்தில் தண்ணீர் அரிசி கழுவின தண்ணீர் மாதிரி வெளுத்துக் கலங்கிவிட்டது. ஒரு கெட்ட வாடை வேறு. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

பதறிப்போய்த் தண்ணீரை மொத்தமாகக் கொட்டினேன். தொட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து, கிணற்றிலிருந்து அப்போதுதான் இறைத்த தண்ணீரை நிரப்பினேன். சாயங்காலத்துக்குள் இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. மறுநாள் விடிந்ததும் பார்த்தால் தண்ணீர் மறுபடி கலங்கியிருந்தது. மிச்சமிருந்த இரண்டும் மேலே வந்து திணறிக்கொண்டிருந்தன. அவருக்கே ஏதோ ஆகிவிட்டது போல உட்கார்ந்து அழுதேன்.

அந்த நேரம் வாசலில் மீன்காரியின் குரல் கேட்டது. காணை கிராமத்து ஏரியில் பிடித்த விராலை உயிரோடு பானையில் போட்டு விற்க வருகிறவள். என் வயசுதான் இருக்கும்.

"இன்னாம்மா, ஏன் அழுவுறீங்க?"

சொன்னேன். உள்ளே வந்து பார்க்கச் சொன்னேன். அவள் தெருவை இரண்டு பக்கமும் பார்த்தாள்.

"நான் எப்டிம்மா ஊட்டுக்குள்ள வர்றது? பாத்தா உங்களத்தான் பேசுவாங்க."

நிஜம்தான். மாமியார் இருந்திருந்தால் நானும் கூப்பிட்டிருக்க மாட்டேன். "பேசினா பேசட்டும், வா" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

தொட்டியில் ஒரு விரலை விட்டு முகர்ந்து பார்த்தாள். "மொத்தமா கொட்டிட்டு வேற தண்ணி ஊத்துனா மீனு தாங்குமா? இதுல மூணுல ஒரு பங்கு மட்டும் மொண்டு கொட்டுங்க. அண்டாவுல நேத்து புடிச்சி வச்ச தண்ணி கீதா? அத்த மெதுவா ஊத்துங்க. மூணு நாளைக்கி ஒண்ணும் போடாதீங்க."

"பசியில செத்துடாதா?"

"போட்டுப் போட்டுத்தாம்மா சாவடிச்சிட்டீங்க."

சுருக்கென்றது. ஆனால் அவள் சொன்னபடியே செய்தேன். தினமும் காலையில் ஏரியிலிருந்து ஒரு கொத்து வேலம்பாசி கொண்டுவந்து போட்டாள். கொஞ்சம் தண்ணீரை மாற்றினோம். நான்காம் நாள் தண்ணீர் தெளிந்து, இரண்டு மீன்களும் அடியில் போய் நிதானமாக நீந்தின. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் கேட்டாள். "உங்களுக்கு எழுத வருமாம்மா?"

அவள் புருஷன் ரங்கூனில் ஒரு அரிசி மில்லுக்கு வேலைக்குப் போய் மூன்று வருஷமாம். மடியிலிருந்து கசங்கிய விலாசத்தை எடுத்துக் கொடுத்தாள். தபால்காரர் தங்கள் பக்கம் வருவதில்லை, பதில் உங்கள் வீட்டுக்கே வரட்டும் என்றாள்.

"நான் நல்லா கீறேன்னு எழுதுங்க. ஏரி ரொம்பிச்சி, விராலு நெறைய கீதுன்னு எழுதுங்க."

"சீக்கிரம் வரச் சொல்லி எழுதட்டுமா?"

"வேணாம்மா. வான்னு எழுதாதீங்க. அதுக்கே தோணணும்."

அவள் சொன்னதை மட்டும் எழுதினேன். கடிதம் போய்ச் சில வாரங்களுக்குள் ரங்கூனில் குண்டு விழுந்ததாகச் செய்தி வந்தது. அதன்பிறகு தபாலே இல்லை. அவள் தினமும் வந்து, "வந்திச்சாம்மா?" என்பாள். சில நாளில் கேட்பதையும் விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்துவிட்டே போய்விடுவாள். அடுத்த கோடையில் ஏரி வற்றியதும் அவள் வருவது நின்றது. அவளோடு மீன் விற்க வந்த பெண்களை விசாரித்தேன். பிழைக்க எங்கேயோ போய்விட்டதாகச் சொன்னார்கள்.

சண்டை முடிந்து என் கணவர் இளைத்துக் கறுத்து, ஆனால் உயிரோடு திரும்பி வந்தார். மறுபடி ரயில்வே வேலையில் சேர்ந்ததும் திண்டிவனத்துக்கு மாற்றலானது. வீட்டைக் காலி செய்த அன்று தபால்காரரிடம் புது விலாசத்தை எழுதிக் கொடுத்து, ரங்கூனிலிருந்து எது வந்தாலும் அனுப்பச் சொன்னேன். இதுவரை ஒன்றும் வரவில்லை.

ராத்திரி சாப்பாட்டுக்கு அவர் எதிரில் வந்து உட்காரும்போதெல்லாம் அவள் நினைவு வருகிறது. அவள் வேண்டாமென்றாலும் 'வா' என்ற அந்த ஓர் எழுத்தை நானாகச் சேர்த்து எழுதியிருக்கக் கூடாதா என்று என் மனசு இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது.