ஒற்றை மீட்டரோடு காத்திவாக்கம் போன கதை

எழுபதுகளின் நடுவில், தவக்காலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ராயபுரத்திலிருந்து காத்திவாக்கம் போய் வந்தேன். மொத்தம் அரை நாள் பயணம். இத்தனை வருடம் இதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. போன வாரம் ஒரு வாசகர், எண்ணூர்ப் பக்கம் மூடிய கிடங்குகளில் காற்றுச் சோதனைக்குப் போகிறேன், என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்று கேட்டிருந்தார். அவருக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன், இது வந்து நின்றது.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. வேதியியல் பட்டம், ராயபுரத்தில் ஒரு சோதனைக்கூடத்தில் வேலை. கிடங்குகளுக்குள் நச்சுக்காற்று இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கு மூன்று சாமான்கள். பிராணவாயு குறைந்தால் சுடர் மங்கும் பித்தளை விளக்கு ஒன்று. அழுகல் வாயு பட்டால் கறுக்கும், ஈய உப்பில் தோய்த்த ஈயத்தாள். மூன்றாவது, தீப்பிடிக்கும் வாயு இருந்தால் முள் எழும்பும் மீட்டர். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் உள்ளே இருப்பது இன்னதென்று தெரியும். விளக்கும் தாளும் ஒரே மரப்பெட்டியில் இருக்கும். விளக்கு எண்ணெய் கசியும். அன்று நான் புதிதாகத் தைத்த வெள்ளை டெரிலின் பேண்ட் போட்டிருந்தேன். பெட்டியை மேசைக்கடியில் தள்ளிவிட்டு மீட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். காரணம் அவ்வளவுதான், மெருகேற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

காலை ஏழு பத்துக்கு ராயபுரத்தில் நீராவி வண்டி. எண்ணூருக்கு நாற்பத்தைந்து பைசா, பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். திருவொற்றியூர் தாண்டுவதற்குள் கரித்தூள் பேண்டை ஒரு வழி பண்ணிவிட்டது. எட்டே காலுக்கு இறங்கி, ஒரு ரூபாய் பேசி சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏறினேன்.

"இன்னா நைனா, டப்பாக்குள்ள இன்னா கீது?" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

"காற்றை அளக்குற மிசின்."

"காத்தையா? அதுக்குத்தான மூக்கு கீது!"

சிரித்தேன். மூக்கை நம்பக்கூடாது, கடுமையான வாயு முதலில் மூக்கைத்தான் மரத்துப்போகச் செய்யும் என்று அவருக்குப் பாடம் வேறு எடுத்தேன். இரண்டு கிலோமீட்டரும் நான்தான் பேசினேன். திரும்பும் சவாரிக்கு அவரை வாசலிலேயே நிற்கச் சொன்னேன்.

நான் போன இடம் மீனை உப்பில் ஊறப்போடும் கிடங்கு. பாதி தரைக்குக் கீழே, ஜன்னல் கிடையாது. உள்ளே ஓர் ஆள் ஆழத்துக்கு சிமெண்ட் தொட்டி. அடியில் தேங்கும் கழிவை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆள் இறங்கி வழித்தெடுக்க வேண்டும். அன்று இறங்க வேண்டியவர் அந்தோணி. அவர் மனைவி பிலோமினாவுக்கும் அங்கேதான் வேலை. பத்து மணிக்கு லாரி வருகிறது என்று முதலாளி பறந்துகொண்டிருந்தார்.

நான் மீட்டரைத் திறக்குமுன் பிலோமினா ஒரு வாளியில் சிம்னி விளக்கை ஏற்றி வைத்தார். கழுத்திலிருந்த வெள்ளி மாதா சுரூபத்தைக் கழற்றி, முத்தமிட்டு, வாளியின் பிடியில் கட்டித் தொட்டிக்குள் இறக்கினார். கயிற்றைப் பிடித்தபடி பத்து 'அருள் நிறைந்த மரியே' சொன்னார். பிறகு மேலே இழுத்தார்.

"வௌக்கு நல்லாத்தான் எரியுது. சுரூபம் கறுத்துப் போச்சு. நேத்துதான் புளி போட்டுத் தேச்சேன். ரெண்டும் சரியா இருந்தாத்தான் எறங்குவோம். இன்னிக்கு வாணாம் சார்."

நான் அதை ஜெபம் என்று நினைத்தேன். நம்பிக்கையை மதிக்கிற பெரிய மனிதன் போல ஒரு புன்னகை செய்தேன். அழுகல் வாயு வெள்ளியைக் கறுக்கவைக்கும் என்பதைக் கல்லூரிக் கரும்பலகையில் நானே எழுதியிருக்கிறேன். என் ஈயத்தாள் செய்கிற அதே வேலையை அந்தச் சுரூபம் செய்திருந்தது. முத்தமிட்டதைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. பத்து ஜெபமும் கடிகாரம் இல்லாத இடத்தில் நேரக் கணக்கு என்பதும் உறைக்கவில்லை.

மீட்டரின் குழாயைத் தொட்டிக்குள் இறக்கி ரப்பர் பந்தை அமுக்கினேன். முள் அசையவில்லை. விளக்கும் மீட்டரும் நல்லது என்கின்றன, சுரூபம் மட்டும்தான் கூடாது என்கிறது என்று, என்னமோ ஓட்டு எண்ணுவது போல எண்ணினேன்.

"ஒன்றுமில்லை, இறங்கலாம்" என்றேன்.

பிலோமினா வாதாடவில்லை. கணவரின் இடுப்பில் கயிற்றைக் கட்டினார். கயிறு எதற்கு என்று அதற்கும் சிரித்தேன். அந்தோணி ஏணியில் நான்கு படி இறங்கினார். ஐந்தாவது படியில் கை விட்டுப்போய், சத்தமே இல்லாமல் விழுந்தார். பக்கத்தில் நின்ற ஆள் ஒருவர் குதிக்கப் பாய்ந்தார். பிலோமினா அவர் சட்டையைப் பற்றி இழுத்தார்.

"எறங்காத! நீயும் சாவப்போறியா? கவுத்த இஸு!"

ஐந்து பேர் இழுத்தார்கள். நான் மீட்டரைக் கட்டிப்பிடித்தபடி நின்றேன். மணலில் கிடத்தியபோது அந்தோணியின் உதடு நீலமாக இருந்தது. ரிக்‌ஷாக்காரர் நெஞ்சை அழுத்தி அழுத்தி விட, கடைசியில் ஒரு மூச்சு வந்தது. பிழைத்தார்.

லாரி வந்து நின்றது. முதலாளி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "குடிச்சிட்டு எறங்குனா இப்படித்தான் ஆவும். சார், மிசினு காத்து சுத்தம்னுதான சொல்லுச்சு?" என்றார்.

"அவரு ஒருசந்தி கீறாரு சார், காலையிலேர்ந்து பச்சத்தண்ணிதான்" என்று பிலோமினா என்னைப் பார்த்தார்.

"முள் எழும்பவில்லை" என்றேன். அது உண்மைதான். அந்த உண்மைக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். அந்த மீட்டர் தீப்பிடிக்கும் அளவுக்கு வாயு சேர்ந்தால்தான் அசையும். ஆளைக் கொல்ல அதில் ஒரு துளி போதும். அறிக்கையிலும் காற்று சுத்தம் என்றே எழுதினேன். அந்தோணிக்கு வேலை போனது.

திங்கட்கிழமை பிலோமினா ராயபுரத்தில் என் அலுவலக வாசலுக்கு வந்தார்.

"காசு கீசு கேக்க வரல சார். அவரு குடிக்கலன்னு ஒரு தாள்ல எய்திக் குடுங்க. ஒருசந்தில குடிச்சவன்னு கோயில்ல ஒருத்தரும் மொகங்குடுத்துப் பேச மாட்றாங்க. மன்சன் வூட்ட வுட்டே வர மாட்றாரு."

எழுதினால் என் வேலை போகும். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். நான் யாரையும் கேட்கவில்லை. மூன்று திங்கட்கிழமை வந்தார். நான்காவது திங்கட்கிழமை வரவில்லை. வரவில்லையே என்று நிம்மதிப்பட்டேன் பாருங்கள், நினைக்க நினைக்க நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கேட்ட வாசகருக்கு: இப்போது மின்சார ரயில், கரித்தூள் கிடையாது. காலையிலேயே போய்விடுங்கள். ஒரே உள்ளங்கைக் கருவியில் நான்கு வாயுவும் பார்க்கிறது என்கிறார்கள், நல்லது. அதில் ஒன்று கூடாது என்றாலும் ஆளை இறக்காதீர்கள், மற்ற மூன்றும் சரி என்று கணக்குப் போடாதீர்கள். அங்கேயே வேலை செய்கிறவர்கள் எதை வைத்துப் பார்க்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மேலே ஆள் நிற்காமல், கயிறு கட்டாமல் யாரும் இறங்கவே கூடாது.

பிலோமினா கேட்ட தாள் இதுதான். காத்திவாக்கம் உப்புக் கிடங்கில் அந்தோணி அன்று குடித்திருக்கவில்லை. ஒருசந்தியில் இருந்தார். இறங்கச் சொன்னவன் நான்.