பின்னால் வந்த பஸ்

எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான், ஒரகடம் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் இன்ஜினியர். மாநில சைக்கிள் பந்தயத்துக்குப் பயிற்சி செய்யத் தனியாக நேரம் கிடையாது. வாலாஜாபாத்திலிருந்து வேலைக்குப் போகும் சாலைதான் என் மைதானம்.

ஒரு காலை, டிரெய்லர் லாரி உரசிப்போனதில் மண்ணில் விழுந்தேன். பந்தயமே வேண்டாம் என்று அழுதேன். பின்னால் வந்த எங்கள் கம்பெனி பஸ் நின்றது. அசெம்ப்ளி லைனில் வேலை பார்க்கும் செல்வி அக்கா ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

"இன்னாம்மா, அழுதுகினு கீற? எழுந்து மிதி. நாங்க பின்னாடியே வர்றோம். எந்த லாரிக்காரன் கிட்ட வரான்னு பாக்கலாம்."

"உங்களுக்கு பஞ்ச் கார்டு அடிக்க லேட்டாயிடுமேக்கா?"

"ஆவட்டும். உன்னால லேட்டுன்னு சூப்பர்வைசர்கிட்ட நீயே சொல்லு. மிதிம்மா!"

கம்பெனி வாசல் வரை பஸ் என்னை முந்தவேயில்லை. அத்தனை பேருக்கும் லேட். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை.

தனியாகவே முன்னுக்கு வந்தவள் என்ற பெருமை எனக்கு இருந்தது. இப்போது பந்தயத்தில் யாராவது, "தனியாகவா பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டால், "இல்லை, ஒரு பஸ் நிறைய ஆட்களோடு" என்கிறேன்.