மரத்தவளையின் மார்பெலும்பு

எழுபதுகளில் மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் படித்தேன். ஆய்வகத்து ஜாடியில் ஊறிக் கிடந்த மரத்தவளைக்கு ‘ஹைலிடே குடும்பம்’ என்று சீட்டு ஒட்டியிருந்தார்கள். செய்முறைத் தேர்வில் வருஷம் தவறாமல் அந்த ஜாடி வரும். சீட்டு தப்பு என்று எனக்குப் பட்டது. நம் ஊர் மரத்தவளை ராக்கோபோரிடே குடும்பம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான், விரல் நுனியில் வட்டத் தட்டு இருக்கும். மார்பைக் கிழித்தால்தான் தெரியும். மார்பெலும்பின் இரு பாதிகளும் நடுவில் ஒட்டியிருந்தால் ராக்கோபோரிடே, ஒன்றின்மேல் ஒன்று ஏறி நகர்ந்தால் ஹைலிடே.

சொன்னதும் விரிவுரையாளர் வகுப்பு நடுவில் சிரித்தார். “சீட்டு எழுதினவாளுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுடுத்தாக்கும்?”

அவருக்கு நிரூபித்துக் காட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

தி.நகரில் எங்கள் வீட்டுக் குளியலறை அண்டாவுக்குப் பின்னால் மரத்தவளைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒன்றை ஊறுகாய் பாட்டிலில் அடைத்து ஆய்வகத்துக்குக் கொண்டுபோனேன். அழுத்திப் பிடித்து, உணர்வு போவதற்காகப் பின்மண்டையில் ஊசியை இறக்கிச் சுழற்றினேன். அது என் கட்டைவிரலை இறுகப் பற்றிக்கொண்டது. அதன் பிடியை ஒவ்வொரு விரலாகப் பிரித்தெடுத்தேன். மார்பைத் திறந்தால், எலும்பு ஒட்டித்தான் இருந்தது. விரிவுரையாளரிடம் காட்டினேன்.

“ஒரே ஒரு தவளைய வச்சுண்டு வாதாட வந்துட்டியா?” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அடுத்த வாரம் ஐந்து கொண்டுபோனேன். மூன்றாவதுக்கு ஊசி சரியாக இறங்கவில்லை. மார்பு திறந்த பிறகும் உதைத்துக்கொண்டிருந்தது. நான் நிறுத்தவில்லை. தட்டு கழுவ வந்த ஆய்வக உதவியாளர் நின்று பார்த்தார்.

“மொத தவளையிலயே தெரிஞ்சிபோச்சுன்னு நீதானமா சொன்ன? அப்பால இன்னாத்துக்கு இத்தினி?”

விரிவுரையாளர்மேல் இருந்த ஆத்திரத்தைத் தவளைகள்மேல் தீர்த்துக்கொண்டிருந்தேன். அது எனக்குப் பிடித்தும் இருந்தது.

மெழுகுத் தட்டில் குண்டூசி அடித்து, ஐந்தையும் விரிவுரையாளர் முன்னால் வைத்தேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“நீ சொல்றது சரிதான்” என்றார். “ஆனா பரீட்சைக்கு வெளியிலேர்ந்து வர்றவர் சீட்டுல உள்ளதுக்குத்தான் மார்க் போடுவார். அப்புறம் உன் இஷ்டம்.”

தேர்வில் சீட்டை மறைத்து ஜாடியை வைத்திருந்தார்கள். பேனாவைத் திறந்தபடி நின்றேன். அடுத்த மேசைக்கு நகரச் சொல்லி மணி அடிப்பதற்குள் ‘ஹைலிடே’ என்று எழுதினேன். முழு மதிப்பெண் கிடைத்தது. ஆறு தவளைகளைக் குத்திக் கிழித்தவளுக்கு, சரியான ஒரு சொல்லை எழுதத் துணிச்சல் வரவில்லை.