சீமைப்பலாவின் வேர்

அப்பா கொல்லையில் நட்ட சீமைப்பலா முதல் காய் விட்டபோது, அதை யாரும் தொட்டுவிடக் கூடாதென்று நான்தான் காவல் இருந்தேன். பலா என்றால் பழுக்க வேண்டும், பிளந்தால் சுளை இருக்க வேண்டும் என்பது எங்கள் ரப்பர் தோட்டத்து லயத்துக் கணக்கு. அது பழுத்துத் தொப்பென்று விழுந்து கூழாகிப் போனது. சுளையும் இல்லை, கொட்டையும் இல்லை. ரெம்பாவ் பக்கத்து மலாய்க் கிராமமான கம்பத்திலிருந்து கீரை விற்க வருகிற மலாய்க்கார அம்மாளை நாங்கள் மாக்சிக் என்று கூப்பிடுவோம். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, காயிலேயே பறித்து வேகவைக்கச் சொல்லிக்கொடுத்தார்.

அது ஜப்பான்காரன் காலம். மரவள்ளிக்கிழங்கு தின்று நாக்கு செத்துப்போயிருந்த எங்களுக்கு அந்தக் காய்தான் சோறு. அப்பாவைச் சயாம் ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோன மறுவாரம், அவருடைய பால்வெட்டும் கத்தியால் அம்மா அந்த மரத்தின் வேரை அங்கங்கே கொத்தினாள். ரப்பர் மரத்தில் கத்தி கொஞ்சம் ஆழமாகப் பட்டாலே வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் ஏச்சு வாங்கும் குடும்பம் எங்களுடையது. கவலையில் அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்து, அவள் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

“கொத்துனாத்தான்டி கன்னு வரும். மாக்சிக் சொன்னாங்க,” என்றாள் அம்மா.

நான் நம்பவில்லை. தினமும் எழுந்ததும் இலை வாடியிருக்கிறதா என்று ஓடிப் பார்ப்பேன். மழை பிடித்த பிறகு, கொத்திய இடமெல்லாம் கன்று கிளம்பியது. ஆள் சயாமுக்குப் போன வீடுகளுக்கெல்லாம் அம்மா ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். காய்க்க நாலு வருஷமாகும் என்று சொல்லியே கொடுத்தாள். இன்றைக்குப் பசிக்கிறவர்களுக்கு நாலு வருஷம் கழித்துக் காய்ப்பது எதற்கு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் ஒருவர்கூட வேண்டாம் என்று சொல்லவில்லை.

எதிர்வீட்டு அத்தை, புருஷன் சயாமுக்குப் போன நாளிலிருந்து தலைகூட வாராமல் கிடந்தவள். அம்மா அவள் வாசலோரம் குழி தோண்டத் தொடங்கியதும் எழுந்து வந்தாள்.

“இங்க வேணாங்க்கா. அவரு நெட்டை. மரம் வளந்தா கிளை தலையில இடிக்கும்லா.”

மாமாவே இல்லாத வீட்டில் யார் தலையில் இடிக்கப்போகிறது என்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். அம்மா ஏன் சிரிக்கவில்லை என்று அன்று எனக்கு விளங்கவில்லை. அவள் பத்தடி தள்ளிப்போய் வேறு குழி தோண்டினாள். அத்தை தலையை அள்ளி முடிந்துகொண்டு கன்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போனாள்.